பொத்தான்களைப் பழைய இடத்தில் வைத்தவள்

அந்த அறையில் அவளுக்கு ‘ரிவர்ஸ் கியர்’ என்று பெயர். முதுகுக்குப் பின்னால் அல்ல, முகத்துக்கு நேராகவே அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவளும் “என்ன?” என்று கேட்டுத் திரும்புவாள். ஊரே முன்னால் போகும்போது இவள் ஒருத்தி மட்டும் வண்டியைப் பின்னால் எடுக்கிறாள் என்று அவளுடைய நெருங்கிய தோழி வைத்த பெயர் அது. பதிலுக்கு இவள் அந்தத் தோழிக்கு வைத்த பெயர் ‘அவசரக்குடுக்கை’. ஆக, சரிக்குச் சரி.

அது ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறை. ஜன்னல் கிடையாது. ஏ.சி. மட்டும் தாராளமாக ஓடும். வெளியே வெயில் கொளுத்தினாலும் உள்ளே பெண்கள் சால்வை போர்த்திக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பார்கள். நகரத்தில் யாருக்கு நெஞ்சு அடைத்தாலும், யார் மாடிப்படியில் உருண்டாலும், அழைப்பு இந்த மேசைகளில் ஒன்றுக்குத்தான் வந்து சேரும். ஹெட்செட் மாட்டிய பெண் விலாசத்தைக் கேட்டுத் தட்டுவாள், உடம்புக்கு என்ன என்று கேட்டுத் தட்டுவாள், உடனே திரையில் ஒரு சின்னப் பெட்டி எழும்: ‘வண்டியை அனுப்பவா?’ கீழே இரண்டே பொத்தான்கள். ஒன்று ‘அனுப்பு’, இன்னொன்று ‘விடு’. விளையாட்டுக்குக் கூப்பிடுகிற போக்கிரிகளுக்காக வைத்தது ‘விடு’. எதை அழுத்தினாலும் பெட்டி ஒரே மாதிரிதான் மூடிக்கொள்ளும். அந்த மென்பொருளைச் செய்த புண்ணியவான் அதைப் பற்றி யோசிக்கவே இல்லை.

அவளும் அதே அறையில் ஹெட்செட் மாட்டி உட்கார்ந்தவள்தான். கல்யாணமான புதிதில் வேலைக்குச் சேர்ந்தாள். கைக்குழந்தையோடு அவளை விட்டுவிட்டுக் கணவன் ஒரு காய்ச்சலில் போய்ச் சேர்ந்த பிறகும் வேலையை விடவில்லை. கணினிகள் வந்து இறங்கியபோது மற்றவர்கள் தொடவே பயந்தார்கள். இவள் ஒன்றைக் கழற்றிப் பார்த்தாள். திரும்ப மாட்டத் தெரியாமல் வாங்கிக் கட்டிக்கொண்டாள். பிறகு மாட்டவும் கற்றுக்கொண்டாள். மகன் வீட்டுப்பாடம் எழுதுகிற அதே மேசையில் எதிர்ப்பக்கம் உட்கார்ந்து நிரல் எழுதப் படித்தாள். அப்புறம் வந்த ஒரு கண்காணிப்பாளர், “இனிமே நீங்க மெஷினை மட்டும் பாத்துக்கங்கம்மா” என்று ஹெட்செட்டைக் கழற்ற வைத்தார். அதிலிருந்து அந்த அறையில் ஒரு திரை இருண்டாலும் அவளைத்தான் தேடுவார்கள்.

திரையில் தெரியும் சன்னல், பொத்தான், பட்டியல் எல்லாவற்றையும் வரைந்து கொடுப்பதற்கென்று அடியில் ஒரு கருவித்தொகுப்பு உண்டு. மென்பொருள் ‘இங்கே இரண்டு பொத்தான் வேண்டும்’ என்று கேட்கும். அதை எந்த வரிசையில் வைப்பது என்பதைக் கருவித்தொகுப்புதான் முடிவு செய்யும். பழைய பதிப்புக்கு இனிப் பாதுகாப்பில்லை என்று தலைமை அலுவலகம் ஒருநாள் புதிய பதிப்பை ஏற்றச் சொன்னது. ஏற்றினாள். மறுநாள் வந்து பார்த்தால் எல்லாம் தலைகீழ். நன்றாக ஓடுவதை நோண்டாமல் விட்டால் சிலருக்குத் தூக்கம் வராது போலிருக்கிறது! பக்கத்தை மேலும் கீழும் நகர்த்துகிற உருள்பட்டை மெலிந்து ஓரத்தில் ஒளிந்துகொண்டது. மெனு எல்லாம் மூன்று கோட்டுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. பட்டியலில் ஓர் எழுத்தைத் தட்டினால் அந்தப் பெயருக்குத் தாவாமல், எங்கெங்கோ தேடப் போயிற்று. எல்லாவற்றுக்கும் மேலாக, இடப்பக்கம் இருந்த ‘அனுப்பு’ வலப்பக்கம் போய்விட்டது. ‘விடு’ இடப்பக்கம் வந்துவிட்டது.

பழைய பெண்கள் பார்த்து அழுத்துகிறவர்கள் இல்லை. கண் வரைபடத்தில் இருக்கும், காது எதிர்முனை அழுகையில் இருக்கும், கை தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும். அந்தக் கைகள் இடப்பக்கம் போய் ‘விடு’வை அழுத்தின. கூப்பிட்டவர்களே மறுபடியும் கூப்பிட்டதால் தப்பித்தார்கள். அறையில் ஒரே புலம்பல். கண்காணிப்பாளர் ரிவர்ஸ் கியரைத் தனியாகக் கூப்பிட்டு, “எப்படியாவது இவங்க வாயை அடைங்கம்மா. என்ன பண்ணினீங்கன்னு மட்டும் எங்கிட்ட சொல்லாதீங்க. கூடுதலா எதையும் போடக்கூடாதுன்னு மேல இருந்து உத்தரவு” என்றார். அதிகாரி என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும்.

அவளைப் போலப் பின்னால் போகிறவர்கள் உலகத்தில் வேறு இடங்களிலும் இருந்தார்கள். அந்தக் கருவித்தொகுப்பு கண்விழிக்கும்போது கூடவே ஒட்டிக்கொண்டு, ஒவ்வொரு பழைய வழக்கத்தைத் திருப்பிக் கொண்டுவருகிற சின்னச் சின்னத் துணைநிரல்களை எழுதி இணையத்தில் பொதுவில் வைத்திருந்தார்கள். அவற்றைப் பார்த்துப் பார்த்து அவள் தானே எழுதினாள். எந்தப் பெண் அதிகம் நச்சரித்தாளோ அவள் பட்டப்பெயரையே நிரலுக்கு வைத்தாள். உருள்பட்டையைப் பழையபடி தடிமனாக்கியது ‘சோடாபுட்டி’. தட்டிய எழுத்துக்குத் தாவ வைத்தது ‘தொணதொணப்பு’. பொத்தான்களைப் பழைய இடத்துக்கு மாற்றியது ‘அவசரக்குடுக்கை’. ஒவ்வொரு பழைய பெண்ணின் கணினியிலும் அமைப்புக் கோப்பில் இந்தப் பெயர்களை ஒரு வரியாக எழுதி வைத்தாள். அவ்வளவுதான், புலம்பல் நின்றது. நாளடைவில் அங்கே ஓர் ஏற்பாடு இருக்கிறது என்பதையே எல்லோரும் மறந்துபோனார்கள். புதிதாகச் சேர்ந்த பெண்களின் இருக்கைகளில் எதுவும் போடவில்லை. அவர்கள் புதியதிலேயே பயின்று வந்தவர்கள்.

அப்படிப் புதிதாகச் சேர்ந்தவர்களில் ஒருத்தி அவளுடைய மருமகள்.

பெண் தேர்வு எழுதித்தான் வந்தாள். அதை யார் நம்பினார்கள்? “மாமியார் சிபாரிசு” என்று தண்ணீர்க் குழாயடியில் பேச்சு. ரிவர்ஸ் கியருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. சலுகை காட்டுகிறாள் என்று ஒரு சொல் வரக்கூடாது என்று மருமகள் உட்கார்ந்த வரிசைப் பக்கமே போகமாட்டாள். மற்ற புதியவர்களுக்கு, “இந்தப் பழைய சீட்டுகள்ல உக்காரும்போது பொத்தானைப் பாத்து அழுத்துங்க” என்று போகிற போக்கில் எச்சரித்திருந்தாள். மருமகளுக்குச் சொல்லவில்லை. வீட்டில் ஒரே அடுப்பில் சமைத்து, ஒரே பேருந்தில் வந்து இறங்குகிறவளுக்குத் தனியாக என்ன சொல்வது, தானே தெரிந்துகொள்வாள் என்று இருந்துவிட்டாள். வறட்டு ரோஷம் என்பது இதுதான்.

மழை கொட்டிய ஒரு காலையில் அது நடந்தது. அவசரக்குடுக்கைக்குப் பல் பிடுங்கியிருந்ததால் விடுப்பு. மருமகளின் ஹெட்செட் கரகரத்தது. “அந்தச் சீட் காலியாத்தானே இருக்கு, போய் உக்காரும்மா” என்றார் கண்காணிப்பாளர். ரிவர்ஸ் கியர் அப்போது கீழ்த்தளத்தில், தண்ணீர் இறங்கிய ஒயர்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

ஒரு தையல்காரரின் மனைவி கூப்பிட்டாள். கணவர் தையல் மெஷின் மேலேயே சாய்ந்துவிட்டார், வேர்த்துக் கொட்டுகிறது, பேச்சு இல்லை. மருமகள் விலாசத்தை வாங்கினாள், பெட்டி எழுந்தது, வலப்பக்கம் அழுத்தினாள். “வண்டி கிளம்பிருச்சும்மா, கதவைத் திறந்து வைங்க” என்றாள். அடுத்த அழைப்பு காத்திருந்தது, எடுத்தாள்.

அந்த அம்மாள் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள். நின்றுகொண்டே இருந்தாள். கடைசியில் மறுபடியும் கூப்பிட்டபோது பக்கத்து மேசைப் பெண் எடுத்தாள், தேடினாள், அனுப்பிய பட்டியலில் அந்த அழைப்பு இல்லை, ‘விடு’ என்று விழுந்திருந்தது. உடனே வண்டி போயிற்று. தையல்காரரை உயிரோடுதான் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள், ஆனால் நினைவு திரும்பவில்லை.

ரிவர்ஸ் கியர் மேலே வந்தபோது அறை உறைந்து கிடந்தது. மருமகள் எழுந்து நின்று, “நான் அனுப்பினேன் சார்! சத்தியமா அனுப்பினேன்! வலப்பக்கம்தான் அழுத்தினேன்!” என்று கத்திக்கொண்டிருந்தாள். மாமியாரின் கண் மருமகள் முகத்துக்குப் போகவில்லை. எந்த நாற்காலிக்குப் பக்கத்தில் நிற்கிறாள் என்றுதான் பார்த்தது. அது அவசரக்குடுக்கையின் நாற்காலி.

“நீங்க இந்த மெஷினைப் பாருங்கம்மா” என்று சொல்லிவிட்டு, கண்காணிப்பாளர் மருமகளைத் தன் அறைக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

ரிவர்ஸ் கியர் உட்கார்ந்தாள். அமைப்புக் கோப்பைத் திறந்தாள். ‘அவசரக்குடுக்கை’ என்ற வரி அங்கே இருந்தது. உத்தரவை மீறி அவள் போட்ட வரி. ஓர் உயிர் ஊசலாடிக்கொண்டிருக்கிறது, போட்டவள் அவள். அந்த வரியை அழித்தாள். இனி யாரும் ஏமாறக்கூடாது, அதனால்தான் எடுக்கிறேன் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். பொய். பயந்துபோய் எடுத்தாள், வேறொன்றும் இல்லை.

சற்று நேரத்தில் கண்காணிப்பாளர் மருமகளோடு திரும்பி வந்தார். சோதனைக்கு ஓர் அழைப்பைப் போட்டுப் பெட்டியை எழுப்பினார்கள். வலப்பக்கம் ‘அனுப்பு’. இடப்பக்கம் ‘விடு’. எல்லாம் ஒழுங்காக, சொன்ன இடத்தில். எச்சரிக்கை கேட்டிருந்த புதியவர்களும் எட்டிப் பார்த்துவிட்டு, இந்தச் சீட்டில் மாற்றம் இல்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்கள்.

“நீ வலப்பக்கம் அழுத்தினேன்னு சொல்ற. வலப்பக்கம் ‘அனுப்பு’ இருக்கு. அப்புறம் எப்படி ‘விடு’ன்னு விழுந்துச்சு?” என்றார் கண்காணிப்பாளர்.

“தெரியல சார். ஆனா நான் வலப்பக்கம்தான்...”

“மெஷின் தானா அழுத்திக்கிச்சா?” அவர் மாமியார் பக்கம் திரும்பினார். “மெஷின்ல ஏதாச்சும் கோளாறு இருக்காம்மா?”

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். மருமகளும் பார்த்தாள். அந்தப் பார்வையில் சந்தேகமே இல்லை, எப்படியும் அத்தை ஏதாவது கண்டுபிடித்திருப்பாள் என்கிற நம்பிக்கைதான் இருந்தது.

“கோளாறு ஒண்ணும் இல்ல சார்” என்றாள் ரிவர்ஸ் கியர்.

அந்த நேரத்துக்கு அது உண்மைதான். அப்படி ஓர் உண்மையைச் சொன்ன நாக்கை அவள் அன்றைக்கு முழுவதும் கடித்துக்கொண்டு இருந்தாள்.

வீட்டில் மகன் காத்திருந்தான். லிஃப்ட் மெக்கானிக் அவன். எது ஏறும், எது இறங்கும், ஏன் நிற்கும் என்று பார்த்துப் பழகியவன். “அம்மா, நீயே பாத்தியா? உன் கண்ணால?” என்று கேட்டான்.

“பாத்தேன்டா.”

“ஒண்ணுமே இல்லையா?”

“இல்ல.”

அவன் மனைவியின் பக்கம் திரும்பினான். “அப்ப உனக்குத்தான் கை தவறியிருக்கும். பரவால்ல விடு, மனுசங்கன்னா தவறத்தான் செய்யும்” என்றான். ஆறுதலாகத்தான் சொன்னான்.

அதற்குப் பிறகு வந்த நாட்கள் இருக்கிறதே, எதிரிக்கும் வேண்டாம். பணிக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டதால் மருமகள் வீட்டிலேயே இருந்தாள். அடுப்பை அணைத்துவிட்டு வருவாள், பாதி வழியில் நின்று திரும்பப் போய்ப் பார்ப்பாள். குழாயை மூடிவிட்டு மறுபடியும் திறந்து மூடுவாள். ஒரு சாயங்காலம் வாசல் கதவைப் பூட்டிவிட்டுச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, “அத்தை, நான் பூட்டினேனா?” என்று கேட்டாள். பூட்டு கண்ணுக்கு முன்னால் தொங்குகிறது. “பூட்டிட்டம்மா” என்றாள் மாமியார். “இல்ல, நீங்க ஒருதடவ இழுத்துப் பாருங்க” என்றாள் மருமகள். இழுத்துப் பார்த்தாள்.

“எனக்கு எந்தப் பக்கம் அழுத்தினேன்னே இப்ப ஞாபகம் இல்ல அத்தை. ஒவ்வொரு தடவ நெனச்சுப் பாக்கும்போதும் ஒவ்வொரு மாதிரி வருது” என்றாள் சாப்பிட உட்கார்ந்த இடத்தில்.

“எதையும் போட்டு யோசிக்காத. சாப்பிடு. உடம்பு என்னத்துக்கு ஆகும்?” என்று இன்னும் கொஞ்சம் பரிமாறினாள் ரிவர்ஸ் கியர்.

சொல்லிவிடலாம் என்று வாய் வரைக்கும் வரும். வந்ததும் கண்காணிப்பாளரின் முகம் தெரியும், விசாரணை தெரியும், தையல்காரர் தெரிவார். அந்த ஆள் கண்விழிக்காமல் போய்விட்டால்? பழைய பெண்களின் கணினிகளில் இன்னும் அதே வரி இருக்கிறதே, அதையெல்லாம் பிடுங்கிப் போட்டால் நாளைக்கு அவர்கள் கையால் எத்தனை வண்டி கிளம்பாமல் நிற்கும்? இப்படி ஒன்றன்மேல் ஒன்றாகக் காரணங்களை அடுக்கிவைத்துக்கொண்டு அதற்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். காரணங்கள் எல்லாம் சரியானவைதான். அதுதான் தொல்லை.

விசாரணைக்குத் தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வருவதாகத் தகவல் வந்தது. அதற்கு முன் கண்காணிப்பாளர் மருமகளுக்கு ஃபோன் செய்து, நல்லது சொல்கிற குரலில் ஒன்று சொல்லியிருந்தார். கவனக்குறைவால் தவறாக அழுத்திவிட்டேன், பயத்தில் மாற்றிச் சொன்னேன் என்று ஒப்புக்கொண்டால் வேலை மட்டும்தான் போகும். பிடிவாதமாக மறுத்தால் பொய் சொன்னதையும் சேர்த்துப் போலீசுக்குப் போகும்.

அன்று காலை பேருந்தில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். சன்னல் கண்ணாடி ஆடிக்கொண்டே வந்தது. மருமகள் முகத்தில் கலக்கம் இல்லை. எல்லாவற்றையும் முடித்துவிட்டவள் போல இருந்தாள். அதுதான் மாமியாருக்குப் பயமாக இருந்தது.

“அத்தை, பொய் சொன்னேன்னு ஒத்துக்கிடட்டுமா?”

ரிவர்ஸ் கியர் திரும்பிப் பார்க்கவில்லை.

“நான் பொய் சொன்னதா எனக்கு ஞாபகம் இல்ல. ஆனா எல்லாரும் சொல்றாங்க. நீங்களே பாத்துட்டு ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டீங்க. அப்ப நான்தானே பொய்யா இருக்கணும்? நீங்க சொல்லுங்க, நீங்க சொன்னா ஒத்துக்கிறேன்.”

“அங்க போய்ப் பேசிக்கலாம்” என்றாள் மாமியார்.

மருமகள் கண்காணிப்பாளர் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்தாள். ரிவர்ஸ் கியர் உள்ளே போனாள். அவசரக்குடுக்கை அன்றுதான் விடுப்பு முடிந்து வந்திருந்தாள். ஒரு பக்கக் கன்னம் இன்னும் வீங்கியிருந்தது. ஆனாலும் பழைய வேகத்திலேயே தட்டிக்கொண்டிருந்தாள். “குழந்தை தொண்டையில என்ன சிக்கியிருக்கும்மா? நாணயமா? மூச்சு விடுதா? பயப்படாதீங்க, இதோ வண்டி...” என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். பெட்டி எழுந்தது. அவள் கண் வரைபடத்தில் இருந்தது. சுட்டி இடப்பக்கம் பாய்ந்தது.

ரிவர்ஸ் கியர் பாய்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். “‘விடு’டி அது! வலப்பக்கம்! வலப்பக்கம் அழுத்து!”

அவசரக்குடுக்கை திடுக்கிட்டுத் திரையைப் பார்த்தாள். வலப்பக்கம் போய் அழுத்தினாள். குழந்தையின் தாய்க்கு என்ன செய்யவேண்டும் என்று நிதானமாகச் சொல்லி முடித்தாள். வண்டி போய்ச் சேர்ந்தது என்ற தகவல் வந்தது. பிறகு அவசரக்குடுக்கை ஹெட்செட்டைக் கழுத்துக்கு இறக்கினாள்.

“ஏண்டி, என் பொத்தான் எங்கடி போச்சு?”

இவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

“நீ எடுத்தியா? ஏன் எடுத்த? எப்ப எடுத்த?” கேட்டுக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள். வீங்கிய கன்னத்தில் கைவைத்துக்கொண்டாள். “அடிப்பாவி. அன்னைக்கு உன் மருமக என் சீட்லதானே உக்காந்திருந்தா?”

“ஆமா.”

“அவளுக்கு யாரும் சொல்லலையா?”

“நான் சொல்லல.”

அவசரக்குடுக்கை அக்கம்பக்கம் பார்த்தாள். குரலைத் தாழ்த்தினாள். அவசரத்துக்குப் பெயர்போனவள் முதல்முறையாக நிதானமாகப் பேசினாள்.

“நான் வாயத் திறக்கமாட்டேன். எனக்கு ஒண்ணும் தெரியாது, நான் ஒண்ணும் பாக்கல. சின்னப் பொண்ணு, வேற வேலை கிடைக்கும். உனக்கு இந்த வயசுல யாரு குடுப்பா? நீ ஏதாச்சும் ஒளறி வைக்காத, கேட்டியா?”

தோழமை என்றால் அதுதான். கண் கலங்கச் சொன்னாள், மனசாரச் சொன்னாள். ஒரு நிமிடம் ரிவர்ஸ் கியருக்கு அப்படியே அந்தப் பேச்சில் சாய்ந்துகொள்ளலாம் போலத் தோன்றியது. ஆனால் தோழியின் சுட்டி ‘விடு’வின் மேல் பாய்ந்தது கண்ணை விட்டுப் போகவில்லை. ஒளித்துவைத்த பாவம் அடுத்த குழந்தையின் தொண்டைக்கே வந்துவிட்டதே!

“எழுந்திரு” என்றாள்.

“என்னடி செய்யப் போற?”

“எழுந்திருடி. வேற சீட்ல போய் உக்காரு.”

உட்கார்ந்தாள். அமைப்புக் கோப்பைத் திறந்து, அழித்த வரியைத் திரும்ப எழுதினாள். ‘அவசரக்குடுக்கை’ பழைய இடத்தில் வந்து நின்றது. எழுந்து, பின்னால் திரும்பிப் பார்க்காமல் கண்காணிப்பாளர் அறைக்குப் போனாள்.

உள்ளே விசாரணை ஆரம்பித்திருந்தது. அதிகாரி வாட்டசாட்டமான ஓர் அம்மாள்; கேட்பதைச் சுருக்கமாகக் கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிறவள். ஓரத்து நாற்காலியில் தையல்காரரின் மனைவி உட்கார்ந்திருந்தாள். முந்தின நாள் அவருக்கு நினைவு திரும்பிவிட்டதாம், ஆனால் வலது கை இன்னும் அசையவில்லையாம். தைக்கிற கை. மருமகள் நின்றுகொண்டிருந்தாள்.

“சொல்லும்மா. என்ன நடந்தது?” என்றாள் அதிகாரி.

மருமகள் வாயைத் திறந்தாள். “நான் அன்னைக்குப் பொய்...”

“ஒரு நிமிஷம்” என்றாள் ரிவர்ஸ் கியர் கதவருகிலிருந்து. குரல் அவளுக்கே பெரிதாகக் கேட்டது. “அவ சொல்றதுக்கு முன்னாடி அந்தச் சீட்ல ஒருதடவ உக்காந்து காட்டட்டும்.”

கண்காணிப்பாளர் முகம் சுளித்தார். “அதான் அன்னைக்கே பாத்தாச்சேம்மா.”

“இன்னொருதடவ பாக்கணும் சார்.”

அதிகாரி எழுந்துகொண்டாள். எல்லோரும் அறைக்கு வந்தார்கள். மருமகள் நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். “பொத்தானைப் பாக்காத. அன்னைக்கு எப்படிப் பண்ணியோ அப்படியே பண்ணு” என்றாள் மாமியார். சோதனை அழைப்பு வந்தது. மருமகள் விலாசத்தைத் தட்டினாள். பெட்டி எழுந்தது. அவள் கை தயங்கியது. சுட்டி இங்கும் அங்கும் அலைந்தது, அந்தக் கைக்குத் தன்மேல் நம்பிக்கையே போயிருந்தது. பிறகு கண்ணை மூடிக்கொண்டு வலப்பக்கம் அழுத்தினாள்.

அழைப்பு மறைந்தது. அனுப்பிய பட்டியலில் வரவில்லை.

மருமகள் கண்ணைத் திறந்தாள். யாரும் சொல்லாமலேயே தானே இன்னொரு சோதனை அழைப்பைப் போட்டாள். பெட்டி எழுந்தது. இந்தமுறை படித்தாள். வலப்பக்கம் ‘விடு’. விரலைத் திரையில் வைத்துக் காட்டினாள். “பாருங்க. பாருங்க சார், இங்க பாருங்க! நான் சொன்னேன்ல! நான் சொன்னேன்ல!” என்று அழுதாள்.

“இது எப்படி?” என்றாள் அதிகாரி.

“நான் வெச்சது” என்றாள் ரிவர்ஸ் கியர். “பழைய ஆளுங்களுக்குக் கை தவறக்கூடாதுன்னு நானே எழுதிப் போட்டது. யாரையும் கேக்கல. இவளுக்குச் சொல்லவும் இல்ல. அன்னைக்கு நடந்ததும் பயந்துபோய் நான்தான் எடுத்தேன். எடுத்துட்டு, கோளாறு ஒண்ணும் இல்லன்னு சொன்னேன். இப்ப காலையில திரும்பப் போட்டேன். இவ பொய் சொல்லல. ஒரு வார்த்தைகூடப் பொய் சொல்லல.”

கண்காணிப்பாளர் தரையைப் பார்த்தார். என்ன செய்தாய் என்று என்னிடம் சொல்லாதே என்றவர் அவர்தான். அதை அவளும் சொல்லவில்லை, அவரும் சொல்லவில்லை. தையல்காரரின் மனைவி மட்டும் நேராக அவள் முன்னால் வந்து நின்றாள். திட்டுவாள், அடிப்பாள் என்று ரிவர்ஸ் கியர் நினைத்தாள். “கதவைத் திறந்து வெச்சுக்கிட்டே நின்னேனே” என்றாள் அந்த அம்மாள். அவ்வளவுதான் சொன்னாள், சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

அங்கேயே ரிவர்ஸ் கியரைப் பணியிலிருந்து நிறுத்திவைத்தார்கள். எல்லாக் கணினியிலிருந்தும் அந்தத் துணைநிரலை உடனே எடுக்கச் சொன்னாள் அதிகாரி. அதற்கு மறுப்புச் சொன்னது யார் என்று நினைக்கிறீர்கள்? மருமகள்தான். முகத்தைத் துடைத்துக்கொண்டு, “எடுக்காதீங்க மேடம். இவங்க எல்லாருக்கும் கை அப்படித்தான் பழகியிருக்கு, எடுத்தா இன்னைக்கே யாராச்சும் சாவாங்க. எந்தச் சீட்ல பொத்தான் மாறி இருக்குன்னு பெருசா எழுதி ஒட்டுங்க, புதுசா வர்றவங்களை அங்க உக்கார வைக்காதீங்க. அது போதும்” என்றாள். அதிகாரி யோசித்துவிட்டுத் தலையை ஆட்டினாள். மாமியார் பக்கம் மருமகள் திரும்பவே இல்லை.

சாயங்காலம் இருவரும் ஒரே பேருந்தில்தான் வந்தார்கள், வேறு வேறு வரிசையில். வீட்டுப் படியிலேயே மகன் நின்றிருந்தான். ஃபோனில் அரைகுறையாகக் கேட்டிருந்தான் போல, முகமெல்லாம் சிரிப்பு. “வேலை போகலையாமே! அம்மா வந்து உண்மையச் சொல்லிக் காப்பாத்திட்டாங்கன்னு சொன்னாங்க. நெசமா?”

மருமகள் செருப்பைக் கழற்றினாள். உள்ளே போகவில்லை.

“நெசந்தான். அவங்கதான் காப்பாத்தினாங்க” என்றாள். பிறகு முதல்முறையாக மாமியாரை நேராகப் பார்த்தாள். “இத்தனை நாளா நான் பைத்தியமாயிட்டேன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன் அத்தை. நீங்க பக்கத்துலயே உக்காந்து எனக்குச் சோறு போட்டீங்க. என்னைய அப்படி ஆக்கினதும் நீங்கதான். யாராச்சும் கேட்டா ரெண்டையும் சேத்துச் சொல்லுங்க. ஒண்ண மட்டும் சொல்லாதீங்க.”

மகன் ஒன்றும் புரியாமல் அம்மாவைப் பார்த்தான்.

“சேத்தே சொல்றேன்” என்றாள் அவள். அங்கேயே படியில் உட்கார்ந்து, மகனையும் உட்காரச் சொல்லி, முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.